அம்மாவின் மலைக்குக் குதிரையில்

"படிச்சுக் கிழிச்சு உங்க மக என்ன, குதிரையிலயா வந்து இறங்கப்போறா, மதினி?"

அத்தை இதைக் கேட்டது மடுவத்தில் வைத்து. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத்தான் எங்கள் பக்கம் மடுவம் என்போம். மடுல்சீமைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் மூன்று பாதைகள் கூடும் இடத்தில் தகரக் கூரையோடு நிற்கும். அன்று நான் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு அங்கே ஓடிப் போயிருந்தேன். சாதாரணதரப் பரீட்சையில் நன்றாகச் செய்தால் பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா வேலை முடிந்து எங்கள் வரிசை வீடான லயத்துக்கு வரும்வரை அந்தச் செய்தியை வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அம்மாவின் கொழுந்துச் சாக்கு தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளைகூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"வருவா. வர்றப்ப தள்ளி நின்னு பாருங்க" என்றார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்தார். கெட்ட மனசு இல்லை, வாய்தான் அப்படி. என் வயதில் அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்று கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்தக் கேள்விக்குள் அதுவும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்றிலிருந்து குதிரை எங்கள் லயத்தில் ஒரு சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது. நான் கணிதத்தில் தவறி மறுபடி எழுதிய வருடம், "குதிரைக்குக் கால் சுளுக்கிருச்சாம்ல?" என்றார் அத்தை. உயர்தரம் சித்தியடைந்தபோது, "குதிரை பதுளை தாண்டிருச்சு, இனி பசறை ஏத்தம் ஏறணும்" என்றார். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "வரும், வரும். கொள்ளு வாங்கி வைங்க."

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் சாதாரணதரம்வரை போனதில்லை. அப்பா ஐந்தாம் வகுப்போடு சரி. அம்மா கையெழுத்துப் போடுவதை என்னிடம்தான் கற்றார். நான் உயர்தரம் முடித்தேன், ஆங்கிலம் படித்தேன், சுற்றுலாத் துறையில் டிப்ளோமாவும் வாங்கினேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. மழை நாட்களில் மண் சறுக்கும் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான்.

அதன்பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, நான் உட்பட. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் ஒரு சின்னக் கம்பெனி குதிரைகளை வைத்திருந்தது. நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள். வெளிநாட்டுக்காரர்களை அவற்றின் மேல் ஏற்றி, தேயிலை மலைகள் வழியாக ஐந்து நாள் கூட்டிக்கொண்டு போவார்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த, தோட்டத்துப் பாதைகள் பழகிய ஒரு வழிகாட்டி தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். குழுத் தலைவர் சிங்களவர், சின்ன வயதிலிருந்தே குதிரைகளோடு வளர்ந்தவர்.

"குதிரைன்னா பயமா, நங்கி?" என்று கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

"இல்லை" என்றேன். அதற்கு முன் நான் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை.

விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது வயதான ஒரு பழுப்புப் பெண்குதிரை. சேணத்து வாரை இறுக்கும்போதெல்லாம் வயிற்றை ஊதி வைத்துக்கொள்ளும். ஏறி உட்கார்ந்த பிறகு மூச்சை விட, சேணம் தளர்ந்து ஒரு பக்கம் சரியும். இரண்டு முறை அப்படித்தான் விழுந்தேன். பிறகு நானும் அதனிடம் பேச்சுக் கொடுத்து, அது மறந்து மூச்சு விடும்போது வாரை இன்னொரு துளை இழுக்கப் பழகினேன்.

வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி வேலை என்று மட்டும் சொன்னேன். எங்கள் பாதை ஹல்துமுல்லையில் தொடங்கி மடுல்சீமையில் முடிகிறது என்று வரைபடத்தில் பார்த்த அன்றே எனக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கூட்டம் முழுவதும் பார்க்க, நான் குதிரையில் வந்து நிற்க வேண்டும். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அத்தையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருடம் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாளாவது கையை நீட்டிக் காட்டட்டும் என்று நினைத்தேன்.

என் முதல் முழுப் பயணத்துக்குச் சில நாள் முன்பு அம்மா தொலைபேசியில் சொன்னார்: "இந்த மாசத்தோட நான் நிக்கிறேன்டி. முட்டி கேக்க மாட்டேங்குது. ஆபீஸ்ல சொல்லியாச்சு."

அப்படியென்றால் அம்மாவை மலையில் பார்ப்பதற்கு இந்தப் பயணம் ஒன்றுதான் இருந்தது.

"நான் அடுத்த கிழமை அந்தப் பக்கம் வர்றேன்ம்மா. குதிரைக்காரங்களோட."

"குதிரைக்காரங்களா? வெள்ளக்காரங்களா?"

"ஆமா. நீங்க எந்த மலையில நிப்பீங்க?"

"பன்னெண்டாம் நம்பர்லதான் இருப்போம். ரோட்டோரம். நீ வேன்ல வருவியா?"

"வந்து பாருங்களேன்" என்று சொல்லிச் சிரித்தேன். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆமாம் அம்மா, குதிரையில்தான் வருகிறேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

புறப்பட்ட நாள் காற்று அதிகம். ஹல்துமுல்லையிலிருந்து பெரகல ஏற்றம் ஏறும்போது லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். தலைவர் முன்னால், நான் அவருக்குப் பின்னால், எனக்குப் பின்னால் மூன்று விருந்தினர்கள். ஒரு கணவன் மனைவி, பிறகு தனியாக வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். சாமான்களோடு வேன் வேறு பாதையில் வரும், அல்லது எங்களுக்குப் பின்னால் மெதுவாக வரும். பெரகல சந்தியில் கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஒரு பழக்கடைக்காரர் என் குதிரைக்கு வாழைப்பழம் நீட்டினார்.

"ரேஸ்ல ஓடுன குதிரைங்களா தங்கச்சி?"

"ஆமாண்ணே. இப்ப ரிட்டயர்."

"கொடுத்து வச்சதுங்க. நமக்கெல்லாம் ரிட்டயர் ஆனா யாரு மலை சுத்திக் காட்டுறா?"

தனியாக வந்த பெண் எரிமலைகள் உள்ள ஒரு தென்னமெரிக்க நாட்டில் பிறந்தவர். அங்கே எரிமலைச் சரிவுகளில், மாட்டுப் பண்ணைகளுக்கு ஊடாக, நாட்கணக்கில் குதிரையில் போவாராம். எங்கள் மலை ஒவ்வொன்றையும் காட்டி, "இது வெடித்ததுண்டா?" என்று கேட்டார். "இல்லை, எங்கள் மலைகள் எதுவும் வெடித்ததில்லை. மழைக்குச் சரியும், அவ்வளவுதான்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மனதுக்குள் அவருக்கு எரிமலை அம்மா என்று பெயர் வைத்தேன்.

இரண்டாம் நாள் பனிமூட்டத்துக்குள் ஒரு தோட்டத்துப் பாதையில் போனோம். பாதைக்கு ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் ஆழமான கான். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். எதிரே கொழுந்துக்காரப் பெண்கள் ஒரு வரிசையாக வந்தார்கள். குளம்புச் சத்தம் கேட்டதும் ஒரு சொல் பேசாமல் எல்லாரும் கானுக்குள் இறங்கினார்கள். தலையில் போட்டிருந்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். குதிரைகளுக்கு அது வசதியாக இருந்தது. தலைவர் கை உயர்த்தி நன்றி சொன்னார். நாங்கள் கடந்தோம்.

எரிமலை அம்மா தன் குதிரையை என் பக்கத்தில் கொண்டுவந்தார். "ஏன் அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை?"

தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் துரைமாரும் அவர்கள் மனைவிமாரான தொரசானிகளும் குதிரையில்தான் மலை பார்க்க வருவார்கள் என்றும், குதிரை வந்தால் தொழிலாளர்கள் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றும், பல பாதைகள் முதலில் அந்தக் குதிரைகளுக்காகத்தான் வெட்டப்பட்டன என்றும் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். குதிரைகள் போய் ஜீப் வந்து அதுவும் பழசாகிவிட்டது, பழக்கம் மட்டும் இருக்கிறது என்றேன். என் விளக்கம் எனக்கே பிடித்திருந்தது.

"எங்கள் மலையில் மாடு மேய்க்கிறவர்களும் குதிரையில்தான் போவார்கள். எல்லாரும் ஒரே உயரம்" என்றார் அவர்.

நான் தலையசைத்தேன். ஆனால் என் மனம் பன்னிரண்டாம் நம்பர் மலையில் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பால் பண்ணையில் தங்கினோம். புல்வெளியில் மாடுகள் எங்கள் குதிரைகளை விட்டு விலகாமல் மோந்து மோந்து பார்த்தன. மாலை வெளிச்சத்தில் வேலிக் கட்டையில் உட்கார்ந்து என் காலணிக்கு மெழுகு தேய்த்தேன். தலைவர் பார்த்துவிட்டு, "யாருக்கு நங்கி இந்தப் பளபளப்பு?" என்றார். சொன்னேன். அத்தையின் கேள்வி, அம்மாவின் பதில், எல்லாவற்றையும். அவர் நன்றாகச் சிரித்தார்.

"சரி, அந்த இடத்தில் நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன். அகலமான இடம் என்றால் நிறுத்தலாம். ஒடுங்கிய இடம் என்றால் நிறுத்தாதே, அது மட்டும் உனக்குத் தெரியுமே."

தெரியும். ஒரு பக்கம் சரிவு உள்ள பாதையில் முன் குதிரை நின்றால் பின்னால் வருவது முட்டும். முட்டினால் ஒன்று கீழே போகும். எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடம் அது. பன்னிரண்டாம் நம்பருக்கு முன்னால் பாதை அகலம், லொறி திருப்பும் இடம். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

கடைசி நாள் காலை பசறைப் பக்கமிருந்து ஏறினோம். எங்கள் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டும்போது வெயில் அடித்தது. நான் தலைக்கவசத்தைக் கழற்றி சேணத்தில் மாட்டினேன். அது விதிக்கு விரோதம், தலைவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். அம்மா பின்னிவிட்ட காலத்திலிருந்து அந்தப் பின்னலை வைத்துத்தான் தூரத்திலேயே என்னை அடையாளம் காண்பார். குதிரையும் என்னமோ அன்று தலையை உயர்த்தி நடந்தது. லயத்துப் பிள்ளைகள் "குதிரே! குதிரே!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள்.

பன்னிரண்டாம் நம்பர் மலை வெறுமையாக இருந்தது.

ஒரு ஆள் இல்லை. ஒரு சாக்கு இல்லை. கொழுந்து எடுத்து முடித்த செடிகள் மொட்டையாக நின்றன. மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவர் தூரத்திலிருந்து கத்திச் சொன்னார்: "காலையில பெரட்டுல கங்காணி மலையை மாத்திட்டாருங்க! எல்லாரும் மேல போய்ட்டாங்க!"

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. எந்த மலை என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பதுளையிலும் ஹல்துமுல்லையிலும் இருந்த வருடங்களில் எனக்கு மறந்துபோயிருந்தது. தொலைபேசியில் அம்மா எந்த மலை என்று சொன்னாரோ, அங்கேயே என்னைக் காத்துக்கொண்டு நிற்பார் என்று நம்பிவிட்டேன்.

மேலே எங்கே என்று கேட்பதற்குள் காற்று மாறிவிட்டது. மடுல்சீமையில் பனி அப்படித்தான் வரும், ஒரு கதவைத் திறந்து விட்ட மாதிரி. தலைவர் பின்னாலிருந்து, "கவசம், நங்கி" என்றார். மாட்டிக்கொண்டேன். குளிருக்குக் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டேன். கண்ணாடியும் போட்டிருந்தேன். தூறல் தொடங்கியதால் மேலே நீல மழை அங்கி. பின்னல் அதற்குள்ளே போய்விட்டது.

அடுத்த வளைவில் அவர்கள் எதிரே வந்தார்கள்.

காலை நிறுவை முடிந்து திரும்புகிற கூட்டம். தலையில் வெள்ளைச் சாக்கு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியில் சேறு. பாதை ஒரு குதிரையும் ஒரு ஆளும் போகும் அகலம். சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டார்கள், இரண்டாம் நாள் பார்த்த அதே மாதிரி, வரிசையாகக் கானுக்குள். முதல் ஆள் அம்மா.

கானுக்குள் நின்றதால் அம்மாவின் தலை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு கையால் தலைச் சாக்கைப் பிடித்திருந்தார். மற்றக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"சலாங்க, தொரசானி" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் எனக்குப் பின்னால் வந்த கணவரின் குதிரை அந்த வெள்ளைச் சாக்குகளைப் பார்த்து மிரண்டு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. குளம்பு கல்லில் வழுக்கும் சத்தம் கேட்டது. "நிற்காதே! போ, போ!" என்று தலைவர் கத்தினார். நான் அம்மா என்று கூப்பிட்டிருந்தால் அம்மா கானை விட்டு ஏறி என்னிடம் வந்திருப்பார். சாக்கோடு வந்திருப்பார். அந்தக் குதிரை நேராக அவர் மேல் விழுந்திருக்கும், அல்லது சரிவில் போயிருக்கும். எனக்கு அது அந்த நொடியிலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு குதிகாலை அழுத்தினேன். அம்மாவுக்குப் பின்னால் அத்தை, அத்தைக்குப் பின்னால் எங்கள் லயத்துப் பெண்கள். ஒவ்வொருவராகக் கடந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலணியைத்தான் பார்த்தார்கள். அது பளபளவென்று இருந்தது.

குதிரைகளை மடுவத்துக்கு அப்பால் கட்டினோம். கணவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, குதிரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. "சரியாகச் செய்தாய்" என்று தலைவர் சொன்னார். எது சரி என்று அவரிடம் கேட்கவில்லை. எரிமலை அம்மா என்னைக் கவனித்துவிட்டார் போல. ஒன்றும் கேட்காமல் என் குதிரையின் வாரைத் தளர்த்திவிட்டு, "நீ போ" என்றார்.

பின்னேரம் லயத்துக்குப் போனேன். அம்மா தண்ணீர்ப் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எங்கடி இருந்தே? குதிரைங்க போச்சு, பின்னாடி கீழ ரோட்டுல வேனும் வந்துச்சு. எட்டி எட்டிப் பாக்குறேன், சாமான்தான் இருக்கு. டைவர் தம்பிகிட்ட கேட்டேன், 'அக்கா முன்னாடி போய்ட்டாங்க'ன்னுச்சு. முன்னாடி எங்க போன?"

அத்தை குடத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே, சேறு தெறித்த காற்சட்டையை, காலணியை.

"மதினி" என்றார். "நீங்க காலையில சலாம் போட்டீங்களே ஒரு தொரசானி."

"ஆமா, முதல்ல போனாங்களே."

"இந்தா நிக்கிறா."

பீலியடியில் இருந்தவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"அடிப்பாவி! பெத்த மகளுக்கே சலாம் போட்டுட்டேனே! நீயும் வாங்கிக்கிட்டுப் போறியே, ஒரு வார்த்தை பேசாம!"

"குதிரை மிரண்டுச்சும்மா..."

"மிரளாம? உங்க அம்மா போட்ட சலாமுக்குக் குதிரையே கூசிருச்சு" என்றார் அத்தை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கதை மூன்று லயத்துக்கும் போய்விட்டது. வந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சலாம் போட்டார்கள். அம்மா அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி, எங்கே நின்றார், எப்படிக் கை வைத்தார் என்று திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார். எல்லாம் அடங்கிய பிறகு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"நல்லா உக்காந்திருந்தியா? சாயாம?"

"உக்காந்திருந்தேன்மா."

"பாத்திருக்கலாம்" என்றார். "தலையத் தூக்கியிருந்தா பாத்திருக்கலாம்."

அதில் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவின் தலை நிமிராமல் போனதற்கு அம்மா என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் இரண்டாம் நாள் ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லியிருந்தேன்.

"இன்னொரு நாள் கூட்டிட்டு வர்றேன். நீங்க கிட்ட நின்னு பாக்கலாம். ஏறிக்கூட உக்காரலாம்."

"எனக்கென்னத்துக்கு? இந்த முட்டியோட ஏறினா குதிரைதான் பாவம். மலையில நிக்கிறப்ப பாக்கணும்னு நினைச்சேன், அவ்வளவுதான்."

என் ஆசை அவருக்கும் இருந்திருக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே ஆசையை வைத்துக்கொண்டு, ஒரு கை தூரத்தில், முகத்துக்கு முகம் பார்க்காமல் கடந்திருக்கிறோம்.

அந்த மாதக் கடைசியில் அம்மா வேலையிலிருந்து நின்றார். கொழுந்துச் சாக்கைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறார். இப்போது விறகு வைக்க அதைத்தான் எடுக்கிறார். நான் இன்னும் பல முறை மடுல்சீமைக்குக் குதிரையில் வரலாம். மலையில் கொழுந்தோடு நிற்கும் அம்மாவின் முன்னால் வர முடியாது. அத்தை அதைத் தன் பாணியில் முடித்து வைத்தார். "வந்தது சரி. நாங்க யாரும் பாக்கல. பாக்காதது செல்லாது."

திரும்பி ஹல்துமுல்லைக்குப் போனதும் தலைவரிடம் பேசினேன். அந்த மேல் பாதையில், லொறி திருப்பும் இடத்திலிருந்து மடுவம்வரை, எல்லாரும் இறங்கிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றேன். வெள்ளைச் சாக்கைப் பார்த்துக் குதிரை மிரள்கிறது என்பதைக் காரணமாகச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

"ஏறிப் போகத்தானே அவர்கள் வருகிறார்கள், நங்கி?" என்றார்.

"ஐந்து நாளும் ஏறித்தானே போகிறார்கள்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா நிறுத்திவிட்டார் என்றாயே?"

"அம்மா நிறுத்திவிட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை."

அடுத்த குழுவோடு அந்தப் பாதைக்குப் போனபோது பனி இல்லை. லொறி திருப்பும் இடத்தில் எல்லாரையும் இறக்கி, கடிவாளத்தை எப்படிப் பிடிப்பது என்று காட்டி, இடைவெளி விட்டு நிறுத்தினேன். கவசத்தைக் கழற்றிச் சேணத்தில் மாட்டினேன். என் பழுப்புக் குதிரை சந்தேகத்தோடு என் தோளை மூக்கால் தள்ளியது. வளைவுக்கு மேலேயிருந்து எங்களைப் பார்த்தவர்களின் பேச்சுக் குரல்கள் வந்தன. அத்தையின் குரல் மேலே நின்றது.

"குதிரையை வச்சுக்கிட்டு நடந்து வர்றா பாருங்கடி! இதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

சாக்குகள் வளைவில் தெரிந்தன. பழக்கத்தில் முன்னால் வந்த இருவர் கான் பக்கம் ஒதுங்கத் தொடங்கினார்கள். அதற்குள் நான் குதிரையை மண் திட்டோடு ஒட்டி நிறுத்திவிட்டு, கானுக்குள் இறங்கி நின்றிருந்தேன்.

"வாங்கத்தை" என்றேன். "நீங்க முன்னாடி போங்க."